கூட்டுக் குடும்பம் எப்போது உடைந்தது? இராமநாதபுரம் கரையின் அடுப்புக் கணக்கு

4 மே 2025

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நம் கடற்கரை ஊர்களில் கூட்டுக் குடும்பம் எப்போது உடையத் தொடங்கியது? வளைகுடாப் பணம் வந்த பிறகா, தொலைக்காட்சி வந்த பிறகா? எங்கள் தாத்தா காலத்தில் ஒரே வளவில் முப்பது பேர் இருந்தோம்."

முப்பது பேர் இருந்திருப்பீர்கள். அந்த முப்பது பேருக்கு எத்தனை அடுப்பு எரிந்தது? அதைச் சொல்லுங்கள், மேலே பேசலாம்.

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் ஜூன் 14 வரை நங்கூரத்தில் கிடக்கும். தம்பி மக்கள் வலை பொத்திக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கும் வேறு வேலை இல்லை. ஆகையால் இந்த இழை நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

5 மே

அடுப்பு எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். நான் கண்டுபிடித்ததல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விதி அது. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலில் உண்பவர்கள் ஒரு குடும்பம். அவர்கள் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கூரை ஒன்றா இரண்டா என்பதை வைத்துக் குடும்பத்தைத் தீர்மானிப்பதில்லை. 1991 முதல் 2011 வரை படிவத்தைத் தூக்கிக்கொண்டு இந்தக் கரையில் வீடு வீடாக ஏறியிருக்கிறேன். வாசலில் நின்று முதலில் கேட்பது, "உலை ஒன்றுதானா?"

தங்கச்சிமடம் பக்கத்தில் எங்கள் வளவையே எடுத்துக்கொள்வோம். பெரியப்பா, அப்பா, சித்தப்பா என மூன்று ஓலை வீடு, நடுவில் ஒரு கிணறு. வெளியூர்க்காரர் பார்த்தால் கூட்டுக் குடும்பம் என்பார். பெரியப்பாவுக்குக் கல்யாணமான மறு வருடமே தனி அடுப்பு. அப்பாவுக்கும் அப்படியே. கடைக்குட்டியான சித்தப்பா மட்டும் அப்பத்தாவோடு தங்கினார், தாய்வீடும் அவருக்கே போனது. யாரும் சண்டை போட்டுக்கொண்டு பிரியவில்லை.

காரணம் பங்கில் இருக்கிறது. மீன் விற்ற காசில் படகுக்கும் வலைக்கும் உரியதை எடுத்து வைத்தபின், கடலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. அன்றைய காசு அன்றே அவனவன் கையில். வயல் வைத்திருப்பவன் மகன் அறுவடை வரை அப்பன் கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வலை இழுக்கத் தெரிந்த இருபது வயதுக்காரனுக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. பெண்டாட்டி வந்ததும் தனி உலை வைத்துவிடுவான்.

கரைவலைக்காரர்கள் வேறு ரகம். கரையில் நின்று அந்த வலையை இழுக்க முப்பது, நாற்பது கை வேண்டும். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி தன் பங்காளி, மைத்துனன், அவர்கள் பிள்ளைகள் என எல்லோரையும் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொள்வார். முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடுவதும் உண்டு. பாசத்தால் சேர்ந்திருந்தார்கள் என்று இன்று அவர்கள் பேரன் எழுதுகிறான். கயிற்றின் நீளத்தால் என்று நான் எழுதுவேன்.

5 மே, இரவு

"ஐயாவுக்குப் பாசத்தில் நம்பிக்கையே இல்லையா?" என்று ஒரு தம்பி. இருக்கிறது. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

9 மே

கீழக்கரைச் சகோதரி ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நான் சொல்வது மீன்பிடிக்கிறவர்கள் கதை, அவர் ஊரில் உண்மையிலேயே பெரிய குடும்பங்கள் இருந்தன என்கிறார். இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அம்மா, அவை மகன்வழிக் கூட்டுக் குடும்பங்கள் அல்லவே. மரைக்காயர் என்ற முஸ்லிம் வணிகர் வீடுகளில் மகன் மனைவியைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவது வழக்கமில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். காயல்பட்டினத்திலும் இதே வழக்கம். மகள் பிறந்தால் அவளுக்கொரு வீட்டை நினைக்கத் தொடங்கவேண்டும். அங்கே கூடி வாழ்ந்தவர்கள் அண்ணன் தம்பிகள் அல்ல, அக்காள் தங்கைகள்.

2001 பிப்ரவரியில் கணக்கெடுப்புக்காகக் கீழக்கரையில் ஒரு தெரு எனக்கு. நீளமான வீடு, நடுவில் முற்றம். திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"குடும்பத் தலைவர்?"

"கொழும்பில் இருக்கிறார்."

"மூத்த மருமகன்?"

"சவூதி."

"அடுத்தவர்?"

"துபாய்."

"கடைசி மருமகனாவது...?"

"சென்னை மண்ணடியில் கடை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவார்."

பெருநாள் மார்ச்சில். கணக்கெடுப்புக் காலம் முழுக்க வீட்டில் இல்லாதவரைப் பட்டியலில் சேர்க்கக்கூடாது. அந்தத் தாளில் ஏற இருந்த ஆண் பெயர்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. மிஞ்சியவர்கள் பாட்டி, மகள்கள், பேரப்பிள்ளைகள். தலைவர் என்ற இடத்தில் பாட்டியின் பெயரை எழுதப்போகிறேன் என்றேன். திரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "என் பெயரா?" என்றார். பிறகு, "எழுதுங்கள். வீடு என் பெயரில்தானே இருக்கிறது."

மார்க்கச் சட்டப்படி மகளுக்கு மகனின் பங்கில் பாதி. உயிரோடிருக்கும்போதே வீட்டை மகளுக்கு எழுதி வைத்துவிட்டால் அந்தக் கணக்கு நடைமுறையில் வேறாகிவிடுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தித் தமிழ்நாடு அரசு மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு கொடுத்தது 1989-இல். அதிலும் அப்போதே கல்யாணமாகிவிட்டவர்களுக்கு இல்லை. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-இல். அதற்கெல்லாம் தலைமுறைகளுக்கு முன்பே கீழக்கரைப் பெண்ணிடம் வீட்டுச் சாவி இருந்தது.

11 மே

"வீட்டோடு மாப்பிள்ளை என்றால் மானக்கேடு இல்லையா?" என்று கேட்டவருக்கு: எங்கள் ஊரில் மானக்கேடு, கீழக்கரையில் மரியாதை. இரண்டுக்கும் நடுவில் சில மணி நேர பஸ் பயணம்தான். அங்கே மாமியார் வீட்டில் மாப்பிள்ளைக்கு நடக்கும் உபசாரத்தைப் பார்த்தால் கேட்டவரே டிக்கெட் எடுத்துவிடுவார்.

17 மே

அதே சகோதரி மறுபடியும், இந்த முறை நிதானமாக. அவர் சொல்வதன் சாரம்: வீடு இன்னும் மகளுக்குத்தான். ஆனால் மகள் அதில் இல்லை. கணவனோடு துபாயிலோ சென்னை அடுக்குமாடியிலோ இருக்கிறாள். கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் கதவு திறக்கிறது. அவர் தெருவில் மாலையில் விளக்கு எரியும் வீடுகளைவிட எரியாதவை அதிகமாம்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார், அது என்னைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது. அக்காளுக்கு ஒரு வீடு, தங்கைக்கு ஒரு வீடு என்று கட்டி முடிக்க அவருடைய அண்ணன் இளமை முழுவதையும் வளைகுடாவில் கழித்தாராம். தனக்குக் கல்யாணம் ஆனதும் அவர் போய்ச் சேர்ந்தது இன்னொருவர் கட்டிய வீட்டில். பெண்ணுக்கு வீடு என்பதை 9-ஆம் தேதி நான் பாதிப் பக்கத்தில் மெச்சிவிட்டேன். செங்கல் யார் கணக்கில் வந்தது என்பது மறுபாதி. எங்கள் கரையில் அந்தச் சுமை வேறு வடிவத்தில் வருகிறது. தங்கைக்கு நகை போட அடமானம் வைத்த படகை மீட்கமுடியாமல் அதே படகில் கூலியாக ஏறியவர்களைத் தெரியும்.

எனவே வளைகுடா குடும்பத்தை உடைத்ததா என்ற முதல் கேள்விக்குப் பாதிப் பதில்: 1970-களில் தொடங்கிய அந்தப் பணம் முதல் தலைமுறையில் பெரிய வீடுகளைக் கட்டியது. இரண்டாம் தலைமுறைக்குக் குடும்ப விசா கிடைத்தபோது அவற்றைக் காலி செய்தது.

24 மே

இனி என் கட்சி. எங்கள் கரையில் இந்த இருபது வருடங்களில் குடும்பத்தை இரண்டாக்கியது தொலைக்காட்சியும் அல்ல, மருமகளும் அல்ல. ரேஷன் கார்டு.

கணக்கைப் பாருங்கள். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அதை 8,000 ஆக்குவதாக அறிவித்தார். குடும்பத்துக்கு, தலைக்கு அல்ல. அடுத்த மாதம் 15-ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது: மாதம் 1,000, ஒரு கார்டுக்கு ஒரு பெண். மாமியாரா, மருமகளா? ஒரே கார்டில் இருந்தால் ஒருத்திக்குத்தான். அரிசியும் அப்படியே. ஆளுக்கு ஐந்து கிலோ என்று பெயர், ஆனால் தனி ஆள் கார்டுக்கும் 12 கிலோ உண்டு. பொங்கல் பரிசும் கார்டுக்கு ஒன்று. பிரிந்தால் வரவு, சேர்ந்திருந்தால் நஷ்டம். இதில் யார் சேர்ந்திருப்பார்கள்?

தனிக் கார்டு வாங்கத் தனிச் சமையல் காட்டவேண்டும். தம்பியின் மூத்த மகன் விண்ணப்பித்தபோது நான் திண்ணையில்தான் இருந்தேன். வீட்டின் ஓரத்தில் ஓலைத் தட்டி வைத்து மறைத்து, சிமென்டு மேடை போட்டு, புது விறகடுப்பு ஒன்றை வைத்திருந்தான். இரண்டு எவர்சில்வர் பானை, ஒரு கரண்டி. விசாரணைக்கு வந்தவர் அடுப்பைப் பார்க்கவே இல்லை. அதன் பின்சுவரை விரலால் தேய்த்தார். விரலில் சுண்ணாம்பு. கரி இல்லை. "சமைத்த சுவரா தம்பி இது?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே மருமகள் அந்த அடுப்பைப் பற்றவைத்துக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மறுநாளும் வைத்தாள். அடுத்த விசாரணைக்கு ஆள் வந்தபோது சுவர் கறுத்திருந்தது, கார்டும் வந்தது. வேடிக்கை அதற்கப்புறம். காகிதத்துக்காக மூட்டிய அடுப்பை அவள் அணைக்கவில்லை. அதுவரை மாமியார் வைத்த உப்பில் உண்டவள், தன் உப்பு, தன் புளி, தன் நேரம் என்று பழகிவிட்டாள். இன்று அவர்கள் மெய்யாகவே இரண்டு குடும்பம். ஊரெல்லாம் மருமகள் பிரித்துவிட்டாள் என்கிறது. சுவரைத் தடவிய விரலை யாரும் சொல்வதில்லை.

26 மே

"பணம் கொடுப்பதைக் குறை சொல்கிறீர்களா?" இல்லை ஐயா. அந்த ஆயிரம் ரூபாயை என் தம்பி மனைவி எடுக்கும் நாளில் வீட்டுக்குள் அவர் நடையே வேறு. குடும்பம் என்றால் இன்னதென்று மேலே ஒருவர் எழுதினால், கீழே நாம் அந்த வடிவத்துக்கு மாறிவிடுகிறோம் என்கிறேன், அவ்வளவுதான்.

பெண் கையில் காசு வந்தது 2023-இல்தான் என்று யாரோ எழுதியிருக்கிறார். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் போய்ச் சொல்லிப் பாருங்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகடு கட்டிக்கொண்டு, பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்க மூழ்கும் பெண்கள் பல காலமாகத் தங்கள் சம்பாத்தியத்தில் வீடு நடத்துகிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளை 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு அவர்களுக்கு வனத்துறையோடு மல்லுக்கட்டுவதும் சேர்ந்துகொண்டது. அந்த வீடுகளில் தலைவர் யார் என்று கேட்டால், கணவன் பக்கத்தில் இருக்கும்போதே மனைவி தன் பெயரைச் சொல்லி நான் எழுதியிருக்கிறேன்.

2 ஜூன்

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்த இளைஞர் ஒருவரின் குறிப்பை வரவேற்கிறேன். 1983-க்குப் பிறகு வந்தவர்களுக்கு ஓர் அறை, ஓர் அடுப்பு. பெரிய குடும்பம் வந்தாலும் அறை நீளாது. மகனுக்குக் கல்யாணமானால் புடவையைக் குறுக்கே கட்டுவார்களாம். அவருக்கு முந்தைய கருத்தில் ஒருவர், உதவித்தொகை எல்லோருக்கும் ஒரே தொகை என்று எழுதியிருந்தார், அது சரியல்ல. 2021-இல் உயர்த்தியபடி குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. அங்கும் தலைவரானால் கூடுதல். என் கட்சிக்கு இன்னொரு சாட்சி.

இளைஞர் அதோடு நிறுத்தவில்லை. அவர் அம்மாவின் தங்கை மன்னாரில், தாய்மாமன் கனடாவில், அப்பத்தா முகாமில். மூன்று இடத்திலும் தனித்தனி அடுப்பு. ஆனால் மாமன் அனுப்பும் பணத்தில்தான் மூன்றும் எரிந்தனவாம். இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

8 ஜூன்

அப்பா காலத்தில் ஒரே ஒரு முறை எங்கள் வளவில் எல்லோரும் ஒரே பானையில் உண்டோம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலுக்குப் பிறகு. எனக்கு அப்போது ஆறு வயது. தனுஷ்கோடி போயிற்று, பாம்பனிலிருந்து போன ரயிலும் போயிற்று. அம்மாச்சியின் தங்கை, பிள்ளைகளும் ஒரு பித்தளைச் செம்புமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் கணவர் வரவில்லை. யாருக்கு எவ்வளவு என்று அளக்கும் நிலையில் எவரும் இல்லை. பெரியம்மா பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சினார். எங்கள் பிள்ளை, அவர்கள் பிள்ளை என்று பார்க்காமல் வரிசையாக உட்காரவைத்து ஊற்றினார்கள்.

அந்த ஊரை வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது, திரும்பிப் போக இடமில்லை. சின்ன அம்மாச்சி எங்கள் வளவிலேயே நான்காவது கூரை போட்டுக்கொண்டார். கூரை ஏறியதும் அவருக்கும் தனி அடுப்பு வந்தது. அவரே பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார். எவ்வளவு காலம்தான் இன்னொருத்தி அகப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று அம்மாவிடம் சொன்னாராம்.

முன்பெல்லாம் சேர்ந்திருந்தோம், இப்போது பிரிந்துவிட்டோம் என்ற பாட்டு எனக்கு ஒட்டாமல் போவதற்கு இதுதான் காரணம். எங்கள் ஆட்கள் அடி விழும்போது கூடினார்கள், மூச்சு வந்ததும் பிரிந்தார்கள். எண்பதுகளில் இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு அக்கரைச் சொந்தங்கள் வந்தபோதும் அதுவே நடந்தது.

15 ஜூன்

நேற்று நள்ளிரவோடு தடை முடிந்தது. தம்பி மக்கள் படகில் ஐஸ் ஏற்றப் போய்விட்டார்கள். இரண்டு கார்டு, இரண்டு நிவாரணம், ஒரே படகு. டீசல் கடன் மட்டும் கூட்டுக் குடும்பமாகவே இருக்கிறது.

17 ஜூன்

அடுத்த கணக்கெடுப்புக்கான அறிவிக்கை நேற்று அரசிதழில் வந்துவிட்டது. 2021-இல் நடந்திருக்க வேண்டியது, இப்போது 2027 மார்ச் 1-ஐ மையமாக வைத்து நடக்கும். எடுப்பவர்கள் என் மாணவர்களாகவும் இருக்கலாம். அவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

என் தம்பி வளவில் ஒரு நாள்: காலை இட்டலி மாமியார் அடுப்பிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போகிறது. மதியம் தனித்தனி. இரவு பாதி நாள் கடைப் பரோட்டா. பேத்தி படிப்பதும் தூங்குவதும் அப்பத்தாவிடம், பெயர் இருப்பது அப்பா கார்டில். "உலை ஒன்றுதானா?" என்று கேட்டால் எந்த வேளையைச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். மே மாதத்தில் அடுப்பை அளவுகோலாக நீட்டினேனே, ஓலை வீட்டுக் காலத்துக்கு அது போதும். இன்றைக்குப் பள்ளிக் கட்டணம் யார் கட்டுகிறார், ஆஸ்பத்திரிக்கு யார் கூட இருக்கிறார், ஏடிஎம் அட்டை யார் முந்தானையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் ஏதாவது தேறும்.

ஒன்று மட்டும் படிவத்தில் தெளிவாகத் தெரியும்: பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். 2011-லேயே தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்குச் சராசரி நான்கு பேர்கூட இல்லை. அண்ணன் தம்பி மூவர் சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்பது பேச்சாக இருக்கவேண்டுமானால் முதலில் மூவர் பிறக்கவேண்டும்.

28 ஜூன்

முதியோரைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். எழுதினால் கோபம் வரும் என்றுதான். முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ஆனது. அதற்கு ஆதரவற்றவர் என்று காட்டவேண்டும். எங்கள் தெருவில் மூன்று மகன்கள் வைத்திருக்கும் ஒரு பாட்டி காகிதத்தில் அநாதை. மகன்களே அலைந்து அப்படி எழுதி வாங்கினார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவர் மருந்துச் செலவுக்கு ஆகும் என்று. பாட்டி தவணை வைத்து மூன்று வீட்டிலும் உண்கிறார். ஆனால் தபால்காரரிடம் கைரேகை வைக்கும் நாளில் யாராவது "உங்கள் மகன் எங்கே?" என்று கேட்டுவிட்டால் சட்டென்று பதில் சொல்லமாட்டார். எந்தப் பதிலைச் சொன்னால் பணம் நிற்கும் என்ற பயம்.

இதற்கு மேல் இதில் எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

6 ஜூலை

சாயல்குடி நண்பருக்கு: பனையேறிக் குடும்பங்கள் தோப்பில் போடும் விடிலி என்ற ஓலைக் குடிசையில் இருக்கும்போது எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, நாங்களும் திண்டாடியிருக்கிறோம். மக்கள் கணக்கெடுப்பு பிப்ரவரியில், பதனீர்ப் பருவம் தொடங்கும் நேரம். ஊர் வீடு பூட்டியிருக்கும், ஆட்கள் தோப்பில் இருப்பார்கள். காலம் முழுக்க அங்கேயே இருந்தால் அங்கே போய்த்தான் எழுதவேண்டும். நாலைந்து குடும்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் விடிலி போட்டிருந்தால் யாருடைய பிள்ளை எந்த விடிலியில் உண்கிறது என்று பிரிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

உங்கள் பக்கத்தில் வயதானவர்களை ஊரில் விட்டுவிட்டுப் போவார்களா, கூட்டிப் போவார்களா? கருப்பட்டி காய்ச்சும் அடுப்பிலேயே சோறும் பொங்குவார்களா, அதற்குத் தனியாக ஒன்று வைப்பார்களா? தெரிந்ததை எழுதுங்கள். நான் பார்த்த தோப்புகளில் இரண்டு விதமும் இருந்தது.